பூக்காத ஒன்பது மரங்கள்

தங்கத்தாயின் இடது கை கணவரின் தோளுக்கு அடியிலும் வலது கை அவர் இடுப்புக்கு அடியிலும் இருந்தன. ஒரே மூச்சில் அவரைப் பக்கவாட்டில் புரட்டினாள். முழங்காலை அவர் முதுகுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கழுத்திலிருந்து கீழே துடைத்தாள். அடுத்து உலர்ந்த துணி. அடுத்து விரல் நுனியில் தேங்காயெண்ணெய். இடுப்பெலும்பு புடைத்திருக்கும் இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது. அழுத்தினாள். தோல் வெளுத்தது, எடுத்ததும் நிறம் திரும்பியது. ரத்தம் ஓடுகிறது. போதும். வேட்டியைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு அவரைப் படுக்க வைத்தாள்.

கட்டில் கிடந்தது கிணற்றடியில், வரிசையாக நின்ற ஒன்பது மரங்களின் நிழலில்.

கணவர் ராமசுப்புவுக்கு வாதம் வந்தது தொண்ணூற்றொன்றில், பருத்தி எடுக்கும் சமயம். வரப்பில் நடந்துகொண்டிருந்தவர், யாரோ பிடித்துத் தள்ளியதுபோல விழுந்தார். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. புத்தி போகவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா தங்கத்தாயைப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் போட வேண்டும், வியர்வையில் ஊறவிடக் கூடாது, இந்த இரண்டில் ஒன்றை விட்டாலும் படுக்கைப்புண் வந்து அதுவே ஆளைக் கொண்டுபோய்விடும் என்று சொல்லிக் கொடுத்தாள். தங்கத்தாய் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ஒரு வேலையை ஒருதரம் காட்டினால் மறுதரம் காட்ட வேண்டியதில்லை என்று மல்லாங்கிணற்றில் பிறந்த வீட்டிலேயே பெயர் எடுத்தவள்.

புரட்டிப் போடுவதை அவளால் செய்ய முடிந்தது. வெயிலைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. வீட்டுக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. முதல் சித்திரையில் அவரை உள்ளேதான் படுக்க வைத்திருந்தாள். பத்தே நாளில் இடுப்பில் தோல் கன்றி, உடைந்து, உள்ளங்கை அகலத்துக்குக் குழிந்தது. எலும்பின் வெள்ளை தெரிந்தது. அது ஆறுவதற்கு ஏழு மாதம் ஆனது. அடுத்த வருஷம் வாசல் வேம்பின் கீழே கட்டிலைப் போட்டாள். மாசியில் வேம்பு இலையை உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நின்றது. நிழல் வேண்டிய நேரத்தில் நிழல் தராத மரம் என்று அதைத் திட்டிவிட்டு, ஆள் பிடித்துக் கட்டிலைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள்.

அங்கே இந்த ஒன்பதும் தெற்கு வடக்காக நெருக்கி நின்றன. மூன்று ஆள் உயரம். ஐப்பசியிலும் பச்சை, அக்கினி நட்சத்திரத்திலும் பச்சை. காலையில் வரிசைக்கு மேற்கே நிழல் விழும், மத்தியானத்துக்கு மேல் கிழக்கே விழும். கட்டிலை அப்படி இப்படி மாற்றிக்கொண்டால் பகல் முழுக்க அவர் மேல் வெயில் படாது; காற்றும் நிற்காது. அதற்குப் பிறகு வந்த இரண்டு கோடையிலும் புண் வரவில்லை. தங்கத்தாய்க்கு அந்த மரங்களைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். அதற்குமேல் தெரிந்துகொள்ள நேரமும் இல்லை.

அவை வந்த கதையும் பெரிதில்லை. எண்பத்திரண்டில் சவுக்கு நாற்று இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று ராமசுப்பு திருச்சுழிக்குப் போய் ஐந்நூறு நாற்று கட்டிக்கொண்டு வந்தார். கிழக்குப் புஞ்சையில் நட்டார். அதில் ஒன்பது நாற்று மட்டும் எழும்பாமல் நோஞ்சானாக இருந்தன. அவற்றைப் பிடுங்கிக் கிணற்றடியில் வரிசையாக வைத்தார். எண்பத்தேழில் புஞ்சைச் சவுக்கை வெட்டி ஏற்றியபோது இவை இடுப்பு உயரம்கூட இல்லை. வெட்ட வந்தவர்கள் திரும்பியும் பார்க்கவில்லை. மறு வருஷம் புஞ்சையில் மறுபடி சவுக்கு நட்டார்கள். கிணற்றடியில் நின்றவை தங்கள் போக்கில் வளர்ந்தன. சவுக்கு நாற்றோடு வந்ததால் எல்லோரும் கிணத்துச் சவுக்கு என்றார்கள். தங்கத்தாயும் பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பேரே அவளை மாட்டிவிட்டது.

தொண்ணூற்று நான்காம் வருஷம் பங்குனியில், புஞ்சையில் நின்ற இரண்டாம் நடவுச் சவுக்கை வாங்க பாளையம்பட்டி ராஜகுரு வந்தார். கட்டட வேலைக்குச் சாரம் கட்டும் கம்பு வியாபாரம் அவருக்கு. நிற்கிற மரத்தை நிற்கிறபடியே பேசி, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது. எழுத்து கிடையாது. மாற்றிய வெற்றிலைக்குப் பிறகு சொல்லை மாற்றிப் பேசியவர்கள் புஞ்சைக்கு அந்தப் பக்கத்தில் எந்த வியாபாரியும் மறுதரம் லாரி அனுப்ப மாட்டான். தங்கத்தாய் வெற்றிலையைக் கொடுக்கும்போது தெளிவாகத்தான் சொன்னாள், என் நிலத்தில் நிற்கிற சவுக்கு பூராவும் என்று.

வெள்ளிக்கிழமை காலையில் மரத்துக்குச் சுண்ணாம்புக் குறி போட வந்தவர், புஞ்சையை முடித்துவிட்டுச் சுண்ணாம்புச் சட்டியோடு கிணற்றடிக்கு வந்தார். கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு தங்கத்தாய் எழுந்து நின்றாள்.

"அண்ணாச்சி, இது அதுல சேராது."

"நிக்கிற சவுக்கு பூராவும்னுதான தாயி வெத்திலை மாத்துனோம்?"

"இது சவுக்கு இல்ல."

"பெறகு என்ன மரம்?"

தங்கத்தாய் எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்தாள். ராஜகுரு சட்டியைக் கீழே வைத்தார். சண்டைக்கு வந்தவர் இல்லை. நியாயத்தைப் பேசுகிறவர்போல நிதானமாகப் பேசினார்.

"போன வாரம் நான் வந்தப்ப நீங்கதான் சொன்னீக, கிணத்துச் சவுக்குக்குக் கீழ இருக்கேன், இங்குட்டு வாங்கன்னு. உங்க வாயில வந்த பேரு. அதை நம்பித்தான் நான் லோடு கணக்குப் போட்டிருக்கேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் தங்கத்தாய்க்குச் சங்கடமாக இருந்தது. இன்னும் பதினைந்து நாளில் சித்திரை. மரங்கள் போனால் கட்டில் ஷீட்டுக்குக் கீழே போகும். அடுத்து என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் குழியைத் தன் கையாலேயே ஏழு மாதம் கழுவியிருக்கிறாள். ஆனாலும் கொடுத்த சொல்லை மீறிவிட்டு அந்த நிழலில் உட்கார அவளுக்கு மனசு இல்லை.

புதன்கிழமைதானே வெட்டு, அதற்குள் விசாரித்துச் சொல்கிறேன், சவுக்கு என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன் என்றாள். சவுக்கு இல்லை என்றால் அடுத்தவர் மரத்தை நான் ஏன் தொடப்போகிறேன் என்றார் ராஜகுரு. கிளம்பும்போது கட்டிலைப் பார்த்து, "ஆனா இவுகள மட்டும் சாட்சிக்குக் கூப்பிடாதீக தாயி. குறுக்கு விசாரணை பண்ண முடியாது" என்றார். ராமசுப்புவின் இடது பக்க உதடு மட்டும் சிரித்தது.

அன்று சாயங்காலம் தங்கத்தாய் முதல்முறையாக அந்த மரங்களைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக அவற்றின் கீழேதான் பாதி நாள் கழிந்தது, அண்ணாந்து பார்த்ததில்லை. சவுக்கைப்போலவே மயிர்மயிராகத் தொங்கியது. ஆனால் நிறத்தில் சாம்பல் ஓடியது. சவுக்குத் தோப்பில் காலடியில் மெத்தைபோல ஊசிச் சருகு கிடக்கும். இங்கே கொஞ்சம்தான் உதிர்ந்திருந்தது. காய் இருந்தது. சவுக்குக்கும் காய் உண்டு, முள்ளு முள்ளாக. இது நெல்லிக்காய் அளவு, உருண்டை, கல்போலக் கெட்டி. பழைய காய்கள் சில வெடித்து, ஆறு இதழாக விரிந்து, கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. இத்தனை பார்த்தும் அவளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. ஆட்டில் செம்மறியும் உண்டு வெள்ளாடும் உண்டு, இரண்டும் ஆடுதானே. இதுவும் சவுக்கில் ஒரு ஜாதியாக இருந்துவிட்டால்?

திங்கட்கிழமை காரியாபட்டியிலிருந்து மகள் தங்கச்செல்வியை வரச்சொல்லி அப்பாவிடம் உட்கார வைத்தாள். எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் புரட்ட வேண்டும் என்று இரண்டுமுறை சொன்னாள். மகள் அருப்புக்கோட்டையில் ஒரு வருஷம் காலேஜில் படித்தவள். செடி கொடிப் பாடம் எடுத்த கோகிலாம்பாள் டீச்சரைப் போய்ப் பார் என்று சொன்னது அவள்தான். தங்கத்தாய் புஞ்சைச் சவுக்கிலும் கிணற்றடி மரத்திலும் ஒவ்வொரு கொப்பு ஒடித்து, காயோடு, ஈரத் துணியில் தனித்தனியாகச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கோகிலாம்பாள் டீச்சர் வகுப்பு முடிந்து வந்து துணியைப் பிரித்தார். நாற்பது வயது, மெலிந்த ஆள், அதிகம் பேசாதவர். முதல் கொப்பைப் பார்த்ததும் சவுக்கு என்று ஒதுக்கினார். இரண்டாவதை எடுத்தார். எடுத்தவர் உட்காரவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். மேசையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணோடு வைத்துப் பார்த்தார். வெடித்த காயைக் கையில் தட்டினார். தவிட்டு நிறத்தில் இரண்டு விதைகள் விழுந்தன, ஒவ்வொன்றுக்கும் மெல்லிய இறக்கை.

"இது எங்க இருந்து கொண்டாந்தீங்கம்மா? கொடைக்கானலா?"

"எங்க கிணத்தடியில இருந்து. திருச்சுழி ரோட்டுல."

டீச்சர் ஒரு ஸ்டூலை இழுத்து அவளை உட்கார வைத்து, தானும் எதிரில் உட்கார்ந்தார்.

சவுக்கு என்று சொல்ல வேண்டியிருந்தால் தயங்காமல் சொல்லிவிடுங்கள், எனக்காகப் பார்க்க வேண்டாம் என்று தங்கத்தாய் முதலிலேயே சொன்னாள். டீச்சர் தலையசைத்தார். இது சவுக்கு இல்லை, சவுக்குக்குச் சொந்தமும் இல்லை என்றார். சவுக்கு பூக்கிற மரம். பார்ப்பதற்குப் பூவாகத் தெரியாது, ஆனால் கொப்பு நுனி செம்பட்டையாவதே அதன் பூ. அந்த வகையில் வேம்பும் புளியும் பருத்தியும் மிளகாயும்தான் அதற்குச் சொந்தம். இந்த மரம் பூப்பதே இல்லை. மகரந்தத் தூள் காற்றில் பறக்கும், காய் பிடிக்கும், விதை விழும். நடுவில் பூ என்ற ஒன்று கிடையாது. மலைநாட்டில் பனி விழும் ஊர்களில் நிற்கிற ஊசியிலை மரங்களின் கூட்டம் இது, அதிலும் சைப்ரஸ் குடும்பம் என்றார். அந்தக் குடும்பத்தில் சிலது மட்டும் கடல் தாண்டித் தெற்கே நம் ஊரைப்போலவே மழையில்லாத செம்மண் காட்டில் வளர்கின்றன. அதில் ஒன்றாக இருக்கும். குடும்பம் நிச்சயமாகத் தெரியும், சரியான பேர் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது, எப்படி உங்கள் நாற்றுக் கட்டுக்குள் வந்தது என்பது எனக்குப் புரியவே இல்லை என்றார்.

பிறகு ஒன்று சொன்னார். குரல் தாழ்ந்துவிட்டது.

"இந்த உலகத்துல முதமுதலா ஒரு பூ பூக்குறதுக்கு முன்னாலயே இந்தக் கூட்டம் இருந்துச்சும்மா. அப்ப வண்ணத்துப்பூச்சி கிடையாது, தேனீ கிடையாது, மனுசன் பேச்சே இல்ல. நான் பதினெட்டு வருசமா இதைப் படத்துலயும் மலையிலயும் காட்டிப் பாடம் எடுக்கேன். இருபது கிலோமீட்டர்ல நிக்குதுன்னு தெரியல."

தங்கத்தாய் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். நூல் கனத்தில் இருந்த கொப்பு கண்ணாடிக்குள் கயிறுபோலப் பருத்துத் தெரிந்தது. அதன் மேல் மும்மூன்றாகச் செதில், ஒரு அடுக்கின் இடைவெளியில் அடுத்த அடுக்கு, பாய் முடைந்ததுபோல, ஒரு இழை பிசகாமல் நுனிவரை போயிற்று. தலைக்கு மேலே இத்தனை நாள் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா என்று டீச்சர் கேட்டார். காகிதம் வேண்டாம் என்றாள் தங்கத்தாய். அண்ணாச்சி காகிதத்தை மறுக்க மாட்டார், ஆனால் நம்பவும் மாட்டார். அவர் கையாலேயே பார்த்துத் தெரிந்துகொள்கிற மாதிரி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்றாள். டீச்சர் சிரித்துக்கொண்டு சவுக்கு ஊசி ஒன்றை எடுத்து இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல இழுத்தார். கணுவில் சுத்தமாகக் கழன்றது. மறுபடி பொருத்தினார். ஒட்டியது தெரியவில்லை.

தங்கத்தாய்க்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். டவுன் தாண்டியதும் காடு தொடங்கியது. வேலிக்கருவை பூத்திருந்தது. வேம்பு பூத்திருந்தது. எருக்கு, ஆவாரை, வரப்பில் நெருஞ்சி. அவள் நட்ட ஒவ்வொன்றும், பிடுங்கிய ஒவ்வொன்றும், சமைத்த ஒவ்வொன்றும் பூத்துத்தான் வந்தது. பூக்காதது என்றால் மலடு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். பூவே வேண்டாம் என்று, பூ வருவதற்கு எத்தனையோ காலம் முன்னாலிருந்து விதை போட்டுக்கொண்டிருக்கிற ஒன்று தன் கிணற்றடியில் நிற்கிறது. கண்டக்டர் இரண்டுமுறை கூப்பிட்ட பிறகுதான் இறங்கினாள்.

புதன்கிழமை விடிந்தும் விடியாமலும் லாரி வந்தது. தங்கத்தாய் உள்ளே வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். ராஜகுரு ரோட்டு முனையில் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி ஆட்களை முன்னே அனுப்பியிருந்தார். லாரியைத் திருப்பக் கிணற்றடிதான் வசதி. அங்கிருந்தே தொடங்கலாம் என்று கோடாலிக்காரன் மருதுபாண்டி தானாகவே முடிவு செய்தான். இரண்டாவது வெட்டு விழுந்த சத்தத்தில் தங்கத்தாய் ஈரத் துணியோடு ஓடிவந்தாள். அவள் சத்தம் போட வேண்டியிருக்கவில்லை. மருதுபாண்டி கோடாலியைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றிருந்தான். தலைத்துண்டு கைக்கு வந்திருந்தது.

"மதினி, உள்ளுக்குள்ள சாமி கும்பிட்ட மாதிரி மணக்கு" என்றான்.

வெட்டிய வாயிலிருந்து குங்கிலியம் புகைந்ததுபோல ஒரு மணம். அதற்குள் ராஜகுரு வந்துவிட்டார். வந்த வேகத்தில் மருதுபாண்டியைத் திட்டினார். பேச்சு முடியாத மரத்தைத் தொட்டு நல்ல நாளைக் கெடுத்துவிட்டான் என்றார். தங்கத்தாய் புஞ்சைக்குப் போய் ஒரு சவுக்கு ஊசியை உருவிக்கொண்டு வந்தாள். அவர் பார்க்காதபடி கணுவில் கழற்றி, மறுபடி பொருத்தி, அவரிடம் நீட்டினாள்.

"எந்தக் கணுவுல பிச்சிருக்கேன், சொல்லுங்க அண்ணாச்சி."

ராஜகுரு ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு அவர் முகம் மாறியது. அது சின்னப் பிள்ளைகள் சவுக்குத் தோப்பில் விளையாடுகிற விளையாட்டு. தோற்றவன் மண்டையில் குட்டு வாங்க வேண்டும். ஊசியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, நகத்தால் தடவிப் பார்த்து, "ஏழாவது" என்றார். ஐந்தாவது.

"இப்ப இதைப் பிச்சு ஒட்டுங்க" என்று கிணற்றடி மரத்தின் கொப்பு ஒன்றை அவர் கையில் கொடுத்தாள்.

இழுத்தார். அது கழலவில்லை. நார் கிழிவதுபோல இழுபட்டு, தாறுமாறாக அறுந்தது. இன்னொன்றை எடுத்தார். மரத்தைச் சுற்றி வந்து வேறு பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்தார். ஐந்தாவது மரத்துக்குப் போனார், ஒன்பதாவதுக்குப் போனார். ஒன்றும் கழன்று ஒட்டவில்லை. முப்பது வருஷமாகச் சவுக்கு வாங்கி விற்ற கை அது. கடைசியில் விரலை மூக்கில் வைத்து மோந்தபடி அண்ணாந்து நின்றார்.

டீச்சர் சொன்னதைத் தங்கத்தாய் அப்படியே சொன்னாள். பூக்காது என்றாள். உலகத்தில் பூ வருவதற்கு முன்னாலேயே இருந்த கூட்டம் என்றாள். லாரி டிரைவர்கூட இறங்கி வந்து நின்றார். மரங்களுக்குள் காற்று போகிற சத்தம் கேட்டது.

மருதுபாண்டிதான் தயங்கிக் கேட்டான், ஒரு மஞ்சள் துணி கட்டிவிடலாமா என்று.

"சாமியெல்லாம் இல்ல மருது. மரம்தான். ஆனா நம்ம பாட்டன் பூட்டன் யாரும் பாத்த மரம் இல்ல" என்றாள் தங்கத்தாய்.

ராஜகுரு செருப்பை ஏற்கெனவே கழற்றியிருந்தார். எப்போது கழற்றினார் என்று யாரும் கவனிக்கவில்லை. "ஏலே மருது, கோடாலியை எடுத்துக்கிட்டுக் கிழக்க போ" என்றார். பிறகு தங்கத்தாயிடம், "சவுக்கு பூராவும்னுதான் பேச்சு தாயி. இது பேச்சுல இல்ல" என்றார். தலையைக் குனிந்து காட்டி, "தோத்ததுக்குக் குட்டு பாக்கி இருக்கு, வேணும்னா குட்டிக்கிருங்க" என்றும் சேர்த்துக்கொண்டார். இரவில் உள்ளே கிடந்த கட்டிலை வெளியே தூக்கி வர இரண்டு ஆளை அவரே அனுப்பினார்.

சாயங்காலம் லோடு ஏறி, புஞ்சை மொட்டையாகக் கிடந்தது. தங்கத்தாய் கணவரை இடப்பக்கமாகப் புரட்டிவிட்டு, நடும்போதே இது வேறு மரம் என்று உங்களுக்குத் தெரியுமா, அதனால்தான் பிரித்து வைத்தீர்களா என்று கேட்டாள். ராமசுப்பு இடது கையை எடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சின்ன அளவு காட்டினார். பிறகு கிணற்றைக் காட்டினார். பிறகு உள்ளங்கையை விரித்து அசைத்தார். அவளுக்குப் புரிந்தது. தெரியாது. நோஞ்சானாக இருந்தன, தண்ணீர்ப் பக்கத்தில் வைத்தேன். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அவரைத் துடைத்து, எண்ணெய் தடவி, மேற்கு நிழலுக்குக் கட்டிலை மாற்றிய பிறகு, தங்கத்தாய் சாணியும் செம்மண்ணும் சேர்த்து ஒரு சட்டியில் குழைத்துக்கொண்டு வெட்டுப்பட்ட மரத்திடம் போனாள். புண்ணைத் திறந்து வைத்தால் பூச்சி ஏறும். கழுவிக் கட்டுவதுதான் முறை. குனிந்து பார்த்தவள் சட்டியைக் கீழே வைத்தாள். இரண்டு வெட்டு வாயிலும் இரவோடு இரவாகப் பால் கசிந்து, தேன் நிறத்தில் துளித்துளியாகத் திரண்டு, ஒரு ஓரம்கூட விடாமல் மூடியிருந்தது. விரலால் தொட்டாள். மேலே இறுகத் தொடங்கியிருந்தது. அவள் கட்டிய எந்தக் கட்டும் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

பிறகு சட்டியை எடுத்துக்கொண்டு போய், குழைத்ததை வீணாக்காமல் கிணற்று மேடையில் விரிசல் விட்டிருந்த இடத்தைப் பூசினாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, கணவரை வலப்பக்கமாகப் புரட்டினாள்.